கனவிலும் படிக்க முடியுமா, டாக்டர்?

வாசகர் கடிதம்

பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு 27 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். பொறியியல் படித்தவர். நான்கு ஆண்டுகளாக டிஎன்பிஎஸ்சி தேர்வுகளுக்குத் தயாராகிறார். பகலில் நூலகம், மாலையில் உறவினரின் செல்போன் கடையில் வேலை. இரவு கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மறுபடி படித்துவிட்டுப் பன்னிரண்டரைக்குப் படுக்கிறார். காலை 5 மணிக்கு எழுகிறார். அடுத்த தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது.

‘லூசிட் ட்ரீம்’ பற்றி வீடியோக்களில் பார்த்திருக்கிறார். கனவு காணும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துகொள்வதும், முடிந்தால் அந்தக் கனவை நம் விருப்பப்படி நடத்துவதும்தான் அது. இதைக் கற்றுக்கொண்டால் தூங்கும் நேரத்திலும் பாடத்தைத் திருப்பிப் பார்க்கலாமே என்பது அவருடைய கணக்கு. ஆனால், “எனக்குக் கனவே வருவதில்லை, முதலில் அதை வரவழைக்க வேண்டும்” என்கிறார். இரண்டு மாதமாக இரவு இரண்டரைக்கும் நான்குக்கும் அலாரம் வைத்து எழுந்து, உடலை அசைக்காமல் படுத்துக் கனவுக்குள் ‘நுழைய’ முயன்றிருக்கிறார். கனவு வரவில்லை. விழித்திருந்தும் கைகால் அசைக்க முடியாமல், நெஞ்சை யாரோ அழுத்துவது போலவும் கதவோரம் ஒரு உருவம் நிற்பது போலவும் சில முறை ஆகியிருக்கிறது. அமுக்குவான் பேய் என்று சொல்லி அம்மா மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார்.

கேலன்டமைன் என்ற மாத்திரையை வாங்கலாமா, வைட்டமின் பி6 போதுமா, இதெல்லாம் மனநோயின் ஆரம்பமா என்று கேட்கிறார். தாய்மாமா ஒருவர், நாட்கணக்கில் தூங்காமல் ஒரேயடியாக உற்சாகமாகப் பேசிக்கொண்டே இருந்ததற்காகச் சிகிச்சை எடுத்தவராம். கடிதத்தின் கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: “கனவே வராது என்று எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை வரும். தேர்வு ஹாலில் இருக்கிறேன். ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கருப்பாக்குகிறேன். கருப்பாக்கக் கருப்பாக்க அது வெள்ளையாகிறது. மணி அடித்துவிடுகிறது. அதன்பிறகு தூக்கம் வராது.”

மருத்துவரின் பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கடைசிப் பத்திதான். அதற்கு வருகிறேன். அதற்கு முன் இன்றைக்கு இரவே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரண்டரை மணி, நான்கு மணி அலாரம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். மாத்திரையை வாங்காதீர்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்களுக்குக் கனவு வருகிறது

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூங்குகிறவர்களின் கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் ஒரு கட்டம் இரவில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு எழுதினார்கள். ரெம் உறக்கம் என்று அதைச் சொல்கிறோம். அந்தக் கட்டத்தில் எழுப்பிக் கேட்டால் பத்தில் எட்டு முறை ஆட்கள் ஒரு கனவைச் சொல்கிறார்கள். ‘எனக்குக் கனவே வராது’ என்பவர்களும் ஆய்வகத்தில் அப்படி எழுப்பினால் பெரும்பாலும் கனவு சொல்வார்கள். ஆகவே உங்களுக்கு இல்லாதது கனவு என்று நான் நினைக்கவில்லை. அது நினைவில் தங்கவில்லை, அவ்வளவுதான்.

தங்காததற்குக் காரணம் உங்கள் கால அட்டவணையிலேயே இருக்கிறது. தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. முதல் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் அதிகம், ரெம் சில நிமிடங்கள்தான். விடியலை நெருங்க நெருங்க ரெம் நீண்டுகொண்டே போகும். கடைசிச் சுற்றுகளில் அரை மணி நேரம்கூட இருக்கும். நீங்கள் தூங்குவது நாலரை மணி நேரம், அதாவது மூன்று சுற்று. நீளமான கனவுகள் நான்காவது, ஐந்தாவது சுற்றில் காத்திருக்கின்றன. அப்போது நீங்கள் அரசியலமைப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பலிப்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. ஆனால் நடுராத்திரிக் கனவைவிட விடியற்காலைக் கனவு நன்றாக ஞாபகம் இருக்கும் என்பது உண்மை. அப்போதுதான் கனவு நீளமாக வருகிறது, அதிலிருந்து நேராக விழிக்கவும் செய்கிறோம். நம் முன்னோர் அதைக் கவனித்திருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ரெம் உறக்கத்தில் மூளையில் நோரட்ரீனலின் என்ற வேதிப்பொருள் மிகக் குறைந்துவிடுகிறது. புதிதாக நடப்பதை நினைவில் பதிய வைக்க உதவும் பொருள்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் விழித்த முதல் ஒன்றிரண்டு நிமிடத்தில் பிடிக்காத கனவு போய்விடுகிறது. அந்த நிமிடங்களில் நீங்கள் அலாரத்தை அணைக்கப் போனை எடுக்கிறீர்கள், அப்படியே செய்திகளையும் பார்த்துவிடுகிறீர்கள். கனவுக்கு இடமே இல்லை.

கனவில் பாடம் படிப்பது

நீங்கள் சொல்லும் ‘லூசிட் ட்ரீம்’, அதாவது தெளிவுக் கனவு, கற்பனை இல்லை. 1975-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர், ஆலன் வொர்ஸ்லி என்பவரைத் தூங்க வைத்துச் சோதித்தார். ரெம் உறக்கத்தில் உடல் தசைகள் செயலற்றுப்போனாலும் கண் அசையும். ‘இது கனவு’ என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக இத்தனை முறை அசைப்பது என்று முன்பே பேசிவைத்தார்கள். வொர்ஸ்லி தூங்கிக்கொண்டே அப்படி அசைத்தார், கருவியில் அது பதிவானது. அதைத் தெரியாமலேயே சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபெர்ஜ் இதே முறையில் நிரூபித்தார். வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படி ஒரு கனவு கண்டவர்கள் சுமார் 55 சதவீதம் என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ம் ஆண்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. ஆக, உங்கள் ஆர்வத்தில் தவறில்லை. அதில் பாடம் படிக்கலாம் என்ற கணக்குதான் தப்பு.

கனவில் எழுத்து நிலையாக நிற்காது. ஒரு வரியைப் படித்துவிட்டுக் கண்ணை எடுத்து மறுபடி பார்த்தால் வேறு வரி இருக்கும். கனவா நனவா என்று சோதிக்க இதையே ஒரு வழியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட புத்தகத்தில் 44-வது சட்டத் திருத்தத்தை எப்படித் திருப்பிப் பார்ப்பீர்கள்? ஏற்கெனவே தலையில் இருப்பதைக் கொண்டுதான் கனவு பக்கத்தை எழுதும். அதுவும் தப்பும் தவறுமாக எழுதும். எது சரி என்று அங்கே சரிபார்க்க ஆளில்லை.

2021-ல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என நான்கு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டன. தெளிவுக் கனவில் இருப்பவர்களிடம் வெளியிலிருந்து ‘எட்டில் ஆறு போனால் எவ்வளவு’ போன்ற கேள்விகளைக் கேட்டார்கள். சிலர் கண்ணை அசைத்துச் சரியான விடை சொன்னார்கள். பிரமிப்பான விஷயம்தான். ஆனால் கேட்ட கேள்விகளில் சரியான விடை வந்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, பாதிக்கும் மேற்பட்ட முறை பதிலே வரவில்லை. ஒற்றை இலக்கக் கழித்தலுக்கே இந்த நிலைமை. கனவில் நேரம் நீளும், பத்து நிமிடத்தில் பத்து மணி நேரம் வாழலாம் என்றும் வீடியோவில் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். கனவுக்குள் ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லி லாபெர்ஜ் அளந்து பார்த்தார். விழித்திருக்கும்போது எண்ணுவதற்கு ஆகும் நேரம்தான் கிட்டத்தட்ட அங்கேயும் ஆனது.

கை பழக வேண்டிய வேலைகளுக்கு மட்டும் ஓரளவு பயன் தெரிகிறது. நாணயத்தைக் கோப்பையில் வீசும் பயிற்சியைத் தெளிவுக் கனவில் செய்தவர்கள் மறுநாள் காலை கொஞ்சம் நன்றாக வீசினார்கள் என்று 2010-ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. உங்கள் தேர்வு அந்த வகை இல்லை.

அதே நேரம், தூங்கும்போது பாடம் சும்மா கிடக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். 1924-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும், அர்த்தமற்ற அசைகளை மனப்பாடம் செய்தவர்கள் விழித்திருந்தால் எவ்வளவு மறக்கிறார்கள், தூங்கினால் எவ்வளவு மறக்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். தூங்கியவர்கள் குறைவாக மறந்தார்கள். பகலில் படித்தது ஆழ்ந்த உறக்கத்தில் மறுபடி ஓடி உறுதிப்படுகிறது என்று அதன்பிறகு நூறு ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதற்கு நீங்கள் எந்த வித்தையும் கற்க வேண்டியதில்லை. குறுக்கே அலாரம் வைக்காமல் இருந்தால் போதும். உங்களிடம் இருப்பதே நாலரை மணி நேரம். அதையும் இரண்டு இடத்தில் வெட்டிவிட்டு மறுநாள் படித்தது நிற்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

கதவோரம் நின்ற உருவம்

நீங்கள் பயந்ததில் ஆச்சரியமில்லை. முதல் முறை வரும்போது யாரும் பயப்படுவார்கள். ரெம் உறக்கத்தில் நாம் கனவுக்கு ஏற்றபடி எழுந்து ஓடாமல் இருக்க மூளையே தசைகளைக் கட்டிப்போடுகிறது. சில நேரம் மனம் விழித்துவிடும், கட்டு மட்டும் இன்னும் அவிழாமல் இருக்கும். சில நொடி, அதிகம் போனால் ஓரிரு நிமிடம். ஆழமாக மூச்சை இழுக்க முயன்றால் உடல் ஒத்துழைக்காது, அதுதான் நெஞ்சில் யாரோ உட்கார்ந்த உணர்வு. கனவும் முழுதாகக் கலையாததால் அறையிலேயே உருவம் தெரிகிறது. ஜப்பானிலும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலும் மக்கள் இதே அனுபவத்தைத் தங்கள் ஊர்ப் பேய்களோடு சேர்த்துச் சொல்வதுண்டு. உயிருக்கு ஆபத்தில்லை.

தூக்கக் குறைவு, நேரம் தவறிய தூக்கம், மல்லாந்து படுப்பது ஆகியவை இதை அதிகமாக்கும். நடுராத்திரியில் எழுந்து, அசையாமல் மல்லாந்து படுத்து நேராகக் கனவுக்குள் நுழையப் பார்ப்பது இதை வரவேற்று உட்கார வைக்கும் முறை. அலாரத்தை நிறுத்தி, ஒருக்களித்துப் படுத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். மறுபடி வந்தால் எதிர்த்துப் போராடாமல், சின்னதாக மூச்சு விட்டுக்கொண்டு, கால் கட்டைவிரலையோ கைவிரல் நுனியையோ மட்டும் அசைக்கப் பாருங்கள். அம்மா கட்டிய கயிறு கையிலேயே இருக்கட்டும், அதற்காக அவரிடம் சண்டை வேண்டாம். ஆனால் இது தூக்கத்தில் நடப்பது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர் பயந்துகொண்டிருந்தால் உங்களுக்கும் படுக்கவே தயக்கம் வரும்.

மாத்திரையும் வைட்டமினும்

கேலன்டமைன் அல்சைமர் நோயாளிகளுக்குத் தரும் மருந்து. 2018-ல் லாபெர்ஜ் குழு 121 பேரிடம் செய்த ஆய்வில், 8 மில்லிகிராம் எடுத்த இரவில் 42 சதவீதம் பேருக்குத் தெளிவுக் கனவு வந்தது, வெற்று மாத்திரை எடுத்த இரவில் 14 சதவீதம். ஆகவே இதில் விஷயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் கனவுப் பயிற்சியில் ஊறியவர்கள், ஆய்வாளர்களின் மேற்பார்வையில் ஒரு சில இரவுகள் மட்டும் எடுத்தவர்கள். குமட்டல், வாந்தி, தூக்கக் கெடுதல் ஆகியவை இந்த மருந்தின் பக்க விளைவுகள். இதயத் துடிப்பு குறைந்து மயக்கம் போட்டுவிடுவதும் உண்டு. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதை ஒரு கனவுக்காக, யாரையும் கேட்காமல் இணையத்தில் வாங்கி விழுங்குவது வேண்டாம்.

பி6 பற்றி ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகம் 2018-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. தூங்கப் போகுமுன் 240 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் எடுத்தவர்கள் கனவைக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். சத்து மாத்திரைதானே என்று அதே அளவைத் தொடர்ந்தால் நரம்பு பாதிக்கப்பட்டுக் கைகால் மரத்துப்போகும். ஒரு நாளைக்கு உடலுக்குத் தேவைப்படுவது ஓரிரு மில்லிகிராம்தான். வாழைப்பழம், கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு, மீன் எல்லாவற்றிலும் இருக்கிறது. சாப்பாடே போதும்.

உங்கள் மாமாவின் விஷயம்

தெளிவுக் கனவு நோய் இல்லை. விழித்தும் கைகால் அசையாமல் போகும் அந்த உறக்க முடக்கமும் பைத்தியத்தின் ஆரம்பம் இல்லை. ஆனால் நீங்கள் விவரித்த மாமாவின் நிலை, தூக்கம் இல்லாமல் ஒரேயடியாக உற்சாகம், மனநிலை ஒரேயடியாக ஏறியும் இறங்கியும் போகும் பைபோலார் கோளாறில் வரும் மேனியா என்ற ஏற்ற நிலை போலத் தெரிகிறது. பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படி இருந்தால், அந்தப் போக்கு குடும்பத்தில் சிலருக்கு வரலாம், பலருக்கு வராமலே போகலாம். வர வாய்ப்புள்ளவர்களுக்கு அதைத் தூண்டிவிடும் காரணங்களில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது முக்கியமானது. மற்றவர்களுக்கு ‘கொஞ்சம் குறைத்துத் தூங்கினால் பரவாயில்லை’ என்றால்கூட, உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தூங்காமலேயே களைப்பு தெரியவில்லை, மனசு பறக்கிறது, பேச்சு வேகமாகிறது, பணத்தை வாரி இறைக்கிறேன் என்று நீங்களோ வீட்டிலோ கவனித்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். கடையைப் பூட்டிவிட்டு நீங்கள் பைக் ஓட்டுவதும் எனக்குக் கவலையாக இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் சில நொடி கண் அசந்தால் அது உங்களுக்கே தெரியாது.

கனவை நினைவில் பிடிக்க

இதை நீங்கள் தேர்வுக்கு முன்பே தொடங்கலாம். செலவில்லை, ஆபத்தில்லை.

முதலில் தூக்கம். ஏழு மணி நேரம் வேண்டும். பன்னிரண்டரைக்குப் படுத்தால் ஏழரைக்கு எழுங்கள். பதினொன்றுக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் இன்னும் நல்லது. கடையில் அரை மணி முன்னதாக விடச் சொல்லி உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

படுக்கும்போது ‘காலையில் கனவை ஞாபகம் வைத்திருப்பேன்’ என்று நிதானமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். கனவை மதிக்கிறவர்களுக்கு, ஆர்வத்தோடு கேட்கிறவர்களுக்கு, நினைவு கூடுதலாக நிற்கிறது என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. விழித்ததும் அசையாதீர்கள், கண்ணைத் திறக்காதீர்கள். ‘இன்றைக்கு என்ன வேலை’ என்ற கேள்வி முதலில் வந்துவிட்டால் கனவு போய்விடும். ‘இப்போது மனசில் என்ன இருக்கிறது, பயமா, சிரிப்பா, யார் இருந்தார்கள், எந்த இடம்?’ என்று கேளுங்கள். ஒரு துண்டு கிடைத்தால் அதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால், ராத்திரி படுத்திருந்த பக்கமாகத் திரும்பிப் படுத்து இன்னொரு முறை யோசியுங்கள். பிறகு எழுதுங்கள். போனில் வேண்டாம், தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் போதும். முழு வாக்கியம் தேவையில்லை. ‘பழைய பள்ளி, மழை, செருப்பு காணோம்’ என்று நாலு சொல் எழுதினால் மீதி பின்னால் வரும். கனவே ஞாபகம் இல்லாத நாளில் ‘ஒன்றும் இல்லை’ என்று தேதி போட்டு எழுதுங்கள். அந்தப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது. அப்புறம், குடிப்பழக்கமோ கஞ்சாவோ இருந்தால் இரண்டுமே ரெம் உறக்கத்தை அமுக்கும். சில மனச்சோர்வு மாத்திரைகளும் அப்படியே, ஆனால் அவற்றை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

நன்றாகத் தூங்கி இப்படிச் செய்கிற பலருக்கு இரண்டு மூன்று வாரத்தில் வாரத்துக்குச் சில கனவுகளாவது கிடைத்துவிடும்.

அந்த ஓஎம்ஆர் கனவு

நான்கு ஆண்டு உழைப்பு, வீட்டில் காத்திருக்கும் கண்கள், கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்ட வேதனை. அந்தக் கனவைப் படித்தபோது இதெல்லாம்தான் எனக்குத் தெரிந்தது. கருப்பாக்கக் கருப்பாக்க வெள்ளையாகும் வட்டம் நீங்கள் தோற்கப்போவதன் அறிகுறி இல்லை. தேர்வு எழுதி முடித்துப் பல ஆண்டு வேலை பார்த்தவர்களுக்குக்கூட, கேள்வித்தாள் புரியாத கனவும் ஹாலுக்குத் தாமதமாகப் போகிற கனவும் வருகின்றன. ஆனால் அதன் பிறகு தூக்கம் கெடுகிறது என்றால் அதற்கு வைத்தியம் தேவை. வைத்தியமும் இருக்கிறது.

கெட்ட கனவை விழித்திருக்கும்போதே மாற்றி எழுதி ஒத்திகை பார்க்கும் முறை அது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொடுங்கனவுகளால் தவித்த 168 பெண்களிடம் செய்த ஆய்வு 2001-ல் வெளியானது. இந்த ஒத்திகையைக் கற்றவர்களுக்குக் கொடுங்கனவு குறைந்தது, தூக்கமும் சீரானது. அவ்வளவு பெரிய காயத்துக்கே உதவிய முறை இது. உங்களுக்கு இப்படிச் செய்யச் சொல்வேன்.

ஒரு பகல் நேரத்தில் அந்தக் கனவை நோட்டில் எழுதுங்கள். வட்டம் வெள்ளையாகும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கிருந்து உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றுங்கள். எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். கண்காணிப்பாளர் வேறு பேனா தருகிறார், அது அழுத்தமாக எழுதுகிறது. அல்லது தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே வருகிறீர்கள், வாசலில் நண்பன் டீ வாங்கி வைத்திருக்கிறான். புதிய கனவைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கண்ணை மூடி, காட்சி காட்சியாக மனதில் ஓட்டுங்கள். பழையதை ஓட்டக் கூடாது. படுக்கப்போகும் நேரத்தில் செய்யாமல் சாயங்காலம் செய்யுங்கள். பெரும்பாலும் சில வாரங்களில் பழைய கனவு வருவது குறையும், அல்லது வந்தாலும் அதன் கடுமை குறையும்.

தேர்வு முடிந்த பிறகு

தெளிவுக் கனவுப் பயிற்சியை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அதன்பிறகும் ஆசை இருந்தால், ஏழு மணி நேரத் தூக்கம் பழக்கமாகியிருந்தால், மாமாவின் நோய் என்ன என்று தெரிந்துகொண்டு மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தாராளமாகச் செய்யலாம். கனவு நோட்டில் திரும்பத் திரும்ப வருவது என்ன என்று பாருங்கள். உங்களுக்கு ஒன்று ஏற்கெனவே தெரியும்: வெள்ளையாகும் வட்டம். நனவில் ஒருநாளும் நடக்காத விஷயம் என்பதால் அது மிக நல்ல அடையாளம். தேர்வு ஹாலையே அடையாளமாக வைக்காதீர்கள், நிஜத் தேர்வில் குழப்பம் வரும்.

லாபெர்ஜ் சொல்லிக்கொடுத்த முறை எளிது. விடியற்காலையில் தானாக ஒரு கனவிலிருந்து விழித்தால், அந்தக் கனவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ‘அடுத்த முறை கனவு காணும்போது இது கனவு என்று எனக்கு ஞாபகம் வர வேண்டும்’ என்று அர்த்தத்தோடு சொல்லுங்கள். அதே கனவில் திரும்ப இருப்பதாகவும், வட்டம் வெள்ளையாவதைப் பார்த்ததும் ‘அட, இது கனவு’ என்று கண்டுகொள்வதாகவும் நினைத்துக்கொண்டே தூங்குங்கள். அடிலெய்டில் டென்ஹோம் ஆஸ்பி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இதையும் விடியற்காலை விழிப்பையும் ‘இது கனவா’ என்று பகலில் பார்க்கும் சோதனையையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் கிடைத்த வெற்றி 17 சதவீதம். சொல்லி முடித்த ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட 46 சதவீதம். சுகமாகத் திரும்பத் தூங்குகிறவருக்குத்தான் இது கைகூடுகிறது, தூக்கத்தோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இல்லை. அலாரம் வைத்தே ஆக வேண்டும் என்றால் மறுநாள் விடுமுறையாக உள்ள இரவில், ஐந்து மணி நேரம் தூங்கிய பிறகு, வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். மறுபடி தூங்கி ஏழு மணி நேரத்தை நிறைவு செய்யுங்கள்.

பகல் சோதனைக்கு மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு மூச்சு விடப் பாருங்கள். கனவில் மூச்சு வரும். நாளைக்கு ஏழெட்டு முறை போதும். ‘இப்போது இருப்பதே நிஜமா’ என்ற எண்ணம் சோதனை இல்லாத நேரத்திலும் தொற்றிக்கொண்டால் உடனே நிறுத்திவிடுங்கள். முதல் தெளிவுக் கனவு பெரும்பாலும் சில நொடியில் கலைந்துவிடும், சந்தோஷத்திலேயே விழித்துவிடுவோம். கனவுக்குள்ளேயே இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்சம் நீடிக்கும் என்பது பழகியவர்களின் அனுபவம். பறக்க நினைத்துப் பறக்க முடியாமல் போகலாம். எல்லாம் நம் பிடியில் இருக்கும் என்று வீடியோக்கள் சொல்வது மிகை. ஓஎம்ஆர் கனவில் இது கனவு என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால், எழுந்து ஹாலை விட்டு வெளியே நடந்து பாருங்கள்.

நேரில் பார்க்க வேண்டியது எப்போது

கெட்ட கனவு வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆனால், பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்தால், சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ உடல் திடீரெனத் தளர்ந்தால், உரக்கக் குறட்டை விட்டு மூச்சுத் திணறி எழுந்தால், தூக்கத்தில் கைகால் வீசிக் கத்துவதாக வீட்டில் சொன்னால், அல்லது படித்து என்ன பயன், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் இல்லை. 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். போகும்போது இரண்டு வாரம் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எந்த நாளில் அந்தக் கனவு வந்தது என்ற குறிப்பைக் கொண்டு போங்கள். எனக்கு மறுபடி எழுதினாலும் அதே குறிப்பை இணைத்து அனுப்புங்கள்.